பல்லைப் பார்த்து வாங்கிய கேமரா

போன வாரம், காலையில ஏழு மணி இருக்கும். நவரை நாத்து நட்டு பதினஞ்சு நாள் ஆன கழனி. வரப்பு மேல நின்னுக்கிட்டு, வயித்துக்கு நேரா ஒரு கறுப்புப் பெட்டியைப் புடிச்சு, தலையைக் குனிஞ்சு அதுக்குள்ள பாத்துக்கிட்டிருந்தேன். மோட்டார் போட வந்த பக்கத்துக் கழனிக்காரர், எனக்குச் சித்தப்பா முறை, அப்படியே நின்னுட்டாரு.

"இன்னாடா அது, ஜோசியப் பொட்டியா?"

"கேமரா சித்தப்பா."

"செல்லுலயே ஆயிரம் எடுக்கலாமே. இதுல எத்தினி எடுக்கலாம்?"

"பன்னெண்டு."

"ஒரு நாளைக்கா?"

"ஒரு ரோலுக்கு. ரோல் தொள்ளாயிரம் ரூபா."

அவரு ஒண்ணும் சொல்லல. என் மூஞ்சியை ஒரு தரம் பாத்துட்டு மோட்டார் ரூம் பக்கம் போயிட்டாரு. சாயங்காலம் சித்தி போன் பண்ணி, "ஒடம்பு நல்லாருக்குதாப்பா?"ன்னு விசாரிச்சாங்க.

சென்னையில இருக்கிற நண்பர்களும் வேற வார்த்தையில இதையேதான் கேக்குறாங்க. மழை ஏமாத்தினா கடன், விலை ஏமாத்தினா கடன்னு எழுதுற நீ, பிலிம் கேமரா வாங்கியிருக்கியே, அது பணக்காரங்க பொழுதுபோக்கு இல்லையான்னு. பதில் சொல்லணும்னுதான் இன்னைக்கு உக்காந்திருக்கேன். என் கட்சி இதுதான்: காசு கம்மியா இருக்கிறவனும் இதை வாங்கலாம். எங்க ஊரு மாதிரி கண்ணு முன்னாடியே மாறிக்கிட்டிருக்கிற ஊர்ல இருக்கிறவன் வாங்குறதுல நியாயமும் இருக்கு. ஆனா மாடு வாங்குற மாதிரி வாங்கணும். நகை வாங்குற மாதிரி வாங்கினா நஷ்டம்.

பிஸ்கட் டின்

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். ராத்திரி தண்ணி ஏற ஏற, கொட்டகையில இருந்த மாட்டை அவுத்து மேட்டுக்கு ஓட்டினேன். அந்த அவசரத்துல சட்டைப் பையில இருந்த செல்லு தண்ணியில போச்சு. தேடி எடுத்தப்ப செத்துப் போயிருந்துச்சு. "எல்லாத்தையும் இன்டர்நெட்ல ஏத்தி வைப்பா"ன்னு என் பொண்ணு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தா. நான் கேக்கல. என் தப்புதான். எங்க நைனா 2021ல தவறிப்போனாரு. அவரோட கடைசி மூணு வருஷப் படம் பூரா அந்த செல்லுலதான் இருந்துச்சு. களத்துல நெல்லு தூத்துறது, பேத்தியைத் தோள்ல வெச்சுக்கிட்டு வரப்புல நடக்கிறது, எல்லாம் போச்சு.

வீட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணி. பீரோ அடியில இருந்த ஆல்பத்துல படங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாறையாயிடுச்சு. அதுக்குப் பக்கத்துலயே ஒரு பழைய பிஸ்கட் டின். அதுலயும் தண்ணி. உள்ளே நைனா சின்ன வயசுல எடுத்த நெகட்டிவுங்க. 1985ல எரிஞ்சுபோச்சே மூர் மார்க்கெட், அங்க செகண்ட் ஹேண்ட்ல வாங்கின அக்ஃபா கிளிக் கேமராவுல எடுத்தது. எங்க குடும்பத்துல புதுக் கேமரான்னு யாரும் எப்பவும் வாங்கினதில்ல.

பொன்னேரியில ஒரு காலத்துல ஸ்டூடியோ வெச்சிருந்த பெரியவர் ஒருத்தருக்கு, வீட்டுக்காரம்மா செல்லை வாங்கிப் போன் போட்டேன். வெயில்ல காய வைக்கட்டுமான்னு கேட்டேன். "காய விட்டுடாத தம்பி. காஞ்சா ஒட்டிக்கும். தண்ணியிலயே போட்டு எடுத்தா"ன்னாரு. டிபன் பாக்ஸ்ல நல்ல தண்ணி ஊத்தி, அதுல போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். அவரு ஒவ்வொண்ணாப் பிரிச்சு, மூணு நாலு தண்ணியில அலசி, துணி உணத்துற கிளிப்பு போட்டு ரூம்ல கட்டித் தொங்கவிட்டாரு. நாலு ரோல், நாப்பத்தெட்டு படம். முப்பத்தொம்போது பொழைச்சுது.

அதுல ஒண்ணு: எங்க தாத்தா துண்டோட நிக்கிறாரு. பின்னால காட்டுப்பள்ளிப் பக்கம் இருந்த எங்க சவுக்குத் தோப்பு. அதுக்குப் பின்னால மணல் மேடு, ஒரு பனை வரிசை, பக்கிங்காம் கால்வாயில ஒரு படகு. இன்னைக்கு அதே பக்கம் பாத்தா கிரேனும், நிலக்கரி கொண்டு போற கன்வேயரும், கன்டெய்னர் அடுக்கும் தெரியும். என் பொண்ணுக்கு அந்த மணல் மேடுன்னா நான் சொல்ற கதைதான். படத்தைக் காட்டினப்புறம்தான், "அட, நெஜமாவே இருந்துச்சா"ன்னா.

அன்னைக்கு முடிவு பண்ணேன். சவுக்கு வெட்டின காசுல பதினஞ்சாயிரம் ஒதுக்கறதுன்னு. வீட்டுக்காரம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க: "பதினஞ்சாயிரம்னா பதினஞ்சாயிரம்தான். பதினாறுன்னு வந்து நிக்கக்கூடாது."

பெரிய பிலிம்னா என்ன

நமக்குத் தெரிஞ்ச டப்பா பிலிம், கல்யாண வீட்ல 36 படம் எடுப்பாங்களே, அது 35 மில்லிமீட்டர். மீடியம் பார்மட்ங்கிறது அதைவிடப் பெரிசு. ஆறு செ.மீ. அகலம், முதுகுல ஒரு காகிதம் ஒட்டி ஸ்பூல்ல சுத்தியிருக்கும். 120ன்னு பேரு. கோடாக் 1901ல கொண்டு வந்தது, இன்னைக்கும் தயாராகுது. நூறு வருஷத்துக்கு மேல அளவு மாறாம கிடைக்கிற பொருள் நம்ம மம்முட்டியும் கடப்பாரையும் தவிர வேற எத்தனை இருக்கும்?

ஒரு ரோல்ல சதுரமா எடுத்தா 12 படம். ஒவ்வொரு படமும் 35 மி.மீ. படத்தைவிடப் பரப்புல மூணரை மடங்கு. அதனால லென்ஸ் சுமாரா இருந்தாலும் படம் நிக்கும். நைனா வெச்சிருந்த கிளிக்ல ஒத்தைக் கண்ணாடிதான், வெயில், மேகம்னு சாதாரண அமைப்புதான். அதுல எடுத்ததுலயே படகோட துடுப்பு தெரியுது. பணம் கம்மியா இருக்கிறவன் பெரிய பிலிம் பக்கம் வர்றதுக்கு இதுதான் முதல் காரணம்.

இதுல எந்தக் கேமரா வாங்கறது? கேமராவுலயும் வண்டி மாடு, உழவு மாடு, ரேஸ் மாடுன்னு இருக்கு. நிலாவுக்குப் போன ஹாசல்பிளாட் ரேஸ் மாடு. வாங்கறதுக்கு ஒரு ஏக்கர் குத்தகைக் காசு, ரிப்பேருக்கு இன்னொரு ஏக்கர். மாமியா ஆர்பி67 நல்ல மாடுதான், ஆனா ரெண்டு கிலோவுக்கு மேல கனம், விலையும் நம்ம கைக்கு மேல. கீவ் 88ன்னு ஒண்ணு, ஹாசல்பிளாட் மாதிரியே இருக்கும், மலிவாவும் வரும். எப்ப படுத்துக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. மடிப்புக் கேமராக்கள் சட்டைப் பையில அடங்கும், மலிவு. ஆனா அந்தத் துருத்தியோட மடிப்பு முனையில ஊசி ஓட்டை விழுந்திருக்கும். இருட்டு ரூம்ல உள்ள டார்ச் அடிச்சா நட்சத்திரம் மாதிரி மின்னும். ஒரு நட்சத்திரம் தெரிஞ்சாலும் வேணாம்.

நம்மள மாதிரி ஆளுக்கு ஏத்தது ரெண்டு கண்ணு கேமரா. மேல ஒரு லென்ஸ் பாக்கறதுக்கு, கீழ ஒண்ணு எடுக்கறதுக்கு. 1929ல ஜெர்மன்காரன் ரோலைஃப்ளெக்ஸ்னு கொண்டு வந்தான். நாட்டோட முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா கையில இருந்ததும் அதுதான். ரோலைஃப்ளெக்ஸ் விலை நமக்கு எட்டாது. அதைப் பாத்து ஜப்பான்காரன் செஞ்ச யாஷிகா எட்டும். நம்ம ஊரு ஸ்டூடியோக்கள்ல ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டது இந்த யாஷிகாதான். ரஷ்யாவோட லுபிடெல், சீனாவோட சீகல் இன்னும் மலிவு. லுபிடெல் பிளாஸ்டிக் உடம்பு, போகஸ் பண்றது கஷ்டம், ஆனா கைக்காசு நாலாயிரம்தான்னா நான் அதையும் வேணாம்னு சொல்ல மாட்டேன்.

இன்னொரு எச்சரிக்கை. 620ன்னு போட்ட பழைய கோடாக் பெட்டிக் கேமரா ஐநூறு, ஆயிரத்துக்கு வரும். பிலிம் அதே அகலம்தான், ஆனா ஸ்பூல் ஒல்லி. 120 ஸ்பூல் நேரா உக்காராது. இருட்டுல உக்காந்து ஒவ்வொரு ரோலையும் ஸ்பூல் மாத்திச் சுத்தற பொறுமை இருந்தா வாங்குங்க.

வாயைத் தொறந்து பாக்கணும்

மாடு வாங்கப் போனா எங்க ஊர்ல முதல்ல கொம்பைப் பாக்க மாட்டோம். வாயைத் தொறந்து பல்லைப் பாப்போம், ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துதான்னு. அப்புறம் நடக்க விட்டுப் பாப்போம். கேமராவுக்கும் அதேதான்.

முதல்ல சென்னையில ஒருத்தர்கிட்ட போனேன். யாஷிகா மேட் 124ஜி, 1970லருந்து 86 வரைக்கும் தயாரான மாடல். பதினாலாயிரம் சொன்னாரு. வெளியில பாத்தா கல்யாணப் பொண்ணு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. பின் கதவைத் தொறந்து, வேகத்தை 'பி'யில வெச்சு, அமுக்கிப் புடிச்சுக்கிட்டு லென்ஸ் வழியா டார்ச் அடிச்சேன். உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல். பூஞ்சை. நம்ம கடலோர ஈரத்துல மூடி வெச்ச லென்ஸுக்கு வர்ற வியாதி. ஓரமா லேசா இருந்தா தொடச்சு எடுக்கலாம், படத்துல பெரிசாத் தெரியாது. இது நடுவுலயே படர்ந்து கண்ணாடியையே அரிச்சிருந்துச்சு.

அடுத்து நடக்க விட்டுப் பாத்தேன். ஒரு செகண்ட் வேகத்துல வெச்சு அமுக்கினேன். 'சர்ர்ர்'னு ஆரம்பிச்சு பாதியில நின்னுபோச்சு. உள்ள கிரீஸ் கெட்டியாயிடுச்சுன்னு அர்த்தம். கதவோரத்து ஸ்பாஞ்சு தாரு மாதிரி விரல்ல ஒட்டுச்சு. வெளிச்சம் அளக்குற மீட்டர் முள்ளு அசையல. அந்த மீட்டருக்காகத்தான் அந்த மாடலுக்கு விலை அதிகமே. அதுக்கான பாதரச பேட்டரி இப்ப வர்றதும் இல்ல. மெதுவாச் சொன்னேன். "ஷோகேஸ்ல வெச்சாலே அழகுதான சார்"னாரு. எங்க வீட்ல ஷோகேஸ் இல்லைன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

ரெண்டாவது, திருவொற்றியூர்ல மூடிப்போன ஒரு ஸ்டூடியோ. அப்பா போட்டோகிராபர், தவறிட்டாரு. மகன் கம்பெனி வேலைக்குப் போறாரு. யாஷிகா 635, 1958ல வந்த மாடல். மீட்டர் கிடையாது, பேட்டரி கிடையாது, கெட்டுப்போக மின்சாரம்னு ஒண்ணுமே இல்ல. பெயின்ட் அங்கங்க உரிஞ்சு பித்தளை தெரிஞ்சுது. அதைப் பாத்து எனக்கு நம்பிக்கைதான் வந்துச்சு. கலப்பையோட பிடி தேஞ்சிருந்தா அது உழுத கலப்பை.

லென்ஸ் சுத்தம், ஓரத்துல ஒரு புள்ளி மட்டும். வேகமெல்லாம் ஒவ்வொண்ணா அமுக்கி, செல்லுல சத்தத்தைப் பதிவு பண்ணி, தொறக்கிற சத்தத்துக்கும் மூடுற சத்தத்துக்கும் இருக்கிற இடைவெளியைப் பாத்தேன். ஒரு செகண்ட் ஒண்ணேகால் செகண்டா ஓடுச்சு, பரவாயில்ல. 'வி'ன்னு ஒரு குறி இருக்கும், தானே எடுக்கிற டைமர். பழைய கேமராவுல அதைத் தொடவே தொடாதீங்க, மாட்டிக்கிட்டா மொத்தமும் நிக்கும்.

முக்கியமான சோதனை, மேல் கண்ணும் கீழ்க் கண்ணும் ஒண்ணைத்தான் பாக்குதான்னு. மாடிக்குப் போய், வடக்கே தூரத்துல தெரிஞ்ச புகைபோக்கியை மேல் லென்ஸ்ல தெளிவா வெச்சேன். கேமராவை அப்படியே வெச்சுட்டு, பின்னால பிலிம் ஓடுற இடத்துல வெண்ணெய்க் காகிதத்தை இழுத்து ஒட்டி, 'பி'யில தொறந்து, தலைமேல துண்டைப் போட்டுக்கிட்டுப் பாத்தேன். புகைபோக்கி தலைகீழா, ஆனா கூர்மையா விழுந்துச்சு. மாறுகண்ணு கேமரான்னா மேல தெளிவு, கீழ மங்கல்னு வந்திருக்கும். இந்தச் சோதனைக்குச் செலவு ஒத்தைக் காகிதம். ஆனா அஞ்சுல ஒருத்தர்கூடப் பண்றதில்லைன்னு அப்புறம் மெக்கானிக் சொன்னாரு.

பதினோராயிரம் சொன்னாரு மகன். சந்தையா இருந்தா துண்டுக்கு அடியில விரலைப் புடிச்சுப் பேசியிருப்பேன். இங்க வாயாலதான் பேசினோம். எட்டாயிரத்து ஐநூறு. ஒரு படம் அப்பாவுக்காக எடுத்துக் குடுக்கணும்னு கேட்டாரு. சரின்னேன்.

வாங்கினதோட முடியல. திருவல்லிக்கேணி எல்லிஸ் ரோடு, வாலாஜா ரோடு பக்கம் இன்னும் ஒண்ணு ரெண்டு பேரு பழைய கேமராவைத் தொறக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஆயிரத்து எண்ணூறு. கிரீஸ் மாத்தி, கண்ணாடி தொடச்சு, வேகம் சரி பண்ணிக் குடுத்தாரு. மலிவா வாங்குங்க, ஆனா சர்வீஸ் காசை அதுக்குள்ளயே கணக்கு வெச்சுட்டு வாங்குங்க. மெக்கானிக் இல்லாத மாடல் எவ்வளவு மலிவா வந்தாலும், அது டாக்டர் இல்லாத ஊர்ல வாங்கின சீமை மாடு.

தீவனச் செலவு

மாட்டை வாங்கறவன் மாட்டு விலையை மட்டும் பாக்கக் கூடாது, வைக்கோல் விலையையும் பாக்கணும். என் பதினஞ்சாயிரம் இப்படிப் பிரிஞ்சுது: கேமரா 8,500, சர்வீஸ் 1,800, மூணு ரோல் பிலிம் 2,700, கழுவறதுக்கான டாங்கி, இருட்டுப் பை, மருந்து எல்லாம் சேத்து 2,000. எண்ணிப் பாருங்க, பதினஞ்சுதான். பதினாலாயிரத்துக்கு அந்த 124ஜியை வாங்கியிருந்தா ஒரு ரோல் போடத்தான் காசு மிஞ்சியிருக்கும்.

ஒரு காலத்துல பிலிம் நம்ம தமிழ்நாட்டுலயே வந்துச்சு. ஊட்டியில 1960ல தொடங்கின ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து'ங்கிற பேர்ல விக்கும். எக்ஸ்ரே பிலிம், கறுப்பு வெள்ளை பிலிம் எல்லாம் அங்கருந்துதான். பொதுத்துறை நிறுவனம். நலிஞ்சு, வேலைக்காரங்களை அனுப்பி, மூடியாச்சு. இப்ப இங்கிலாந்து, செக், அமெரிக்கான்னு வெளியிலருந்துதான் வரணும். என் கணக்குல கழுவற செலவோட ஒரு படத்துக்கு எண்பது ரூபாய்க்கு மேல. ரெண்டு லிட்டர் பால் ஊத்துற காசு. அதனால கை தானா நிதானமாகுது. மேகம் விலகட்டும்னு கால் மணி நேரம் காத்திருக்கிறேன். வெளிச்சம் அளக்க எளிய கணக்கு ஒண்ணு இருக்கு: நல்ல வெயில்ல, 100 வேக பிலிம்ல, துவாரம் 16, வேகம் 125. மணல்ல நின்னா துவாரத்தை 22க்குக் குறைச்சுடணும், எங்க கடற்கரை வெளிச்சம் அவ்வளவு கூசும்.

கழுவறது வீட்லதான். மருந்து 20 டிகிரியில இருக்கணும்னு எழுதியிருக்கு. எங்க ஊர்ல 20 டிகிரி மார்கழியில விடியக்காலை மட்டும்தான். ஐஸ் போட்ட குண்டானுக்குள்ள டப்பாவை நிறுத்தி வெச்சு இறக்குறேன். அதைவிடப் பெரிய தலைவலி தண்ணி. மீஞ்சூர்ச் சுத்து வட்டாரத்துல நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினதுல கடல் தண்ணி உள்ள ஏற ஆரம்பிச்சு அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க போர் தண்ணியில பிலிமை அலசித் தொங்கவிட்டா, காஞ்சதும் வெள்ளைத் திட்டுத் திட்டா உப்பு. கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணி வாங்குறேன். இதுல வேடிக்கை, காட்டுப்பள்ளியிலதான் 2010ல கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்கற ஆலை வந்துச்சு. நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் எடுக்கிற அளவுல கட்டினது. அது குழாய்ல சென்னைக்குப் போச்சு. நீங்க பல்லு வெளக்கின தண்ணி எங்க ஊரு கடலாக்கூட இருந்திருக்கும்.

பிலிம் கழுவின ஹைப்போ மருந்தைக் கழனியிலயோ வாய்க்கால்லயோ ஊத்தறதில்ல. அதுல வெள்ளி கரைஞ்சிருக்கும். கேன்ல சேத்து வெச்சு ஸ்டூடியோ பெரியவர்கிட்ட குடுத்துடறேன். கேமராவைக் காத்துப் போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வெக்கிறேன். பூஞ்சைக்கு வேற வைத்தியம் இல்ல.

எதுக்கு எடுக்கிறேன்

இப்ப சித்தப்பா கேள்விக்கு வர்றேன். செல்லுலயே ஆயிரம் எடுக்கலாமே?

எடுக்கலாம். பயிர்ல புழு விழுந்தா நான் செல்லுலதான் எடுத்து வேளாண் அலுவலருக்கு அனுப்பறேன். எண்ணெய் படர்ந்துச்சு, கரை உடைஞ்சுதுன்னா அன்னைக்கே காட்டறதுக்குச் செல்லுதான் சரி. தேதி, நேரம், இடம் எல்லாம் அதுலயே விழுது. அதுல எனக்குச் சண்டை இல்ல. இன்டர்நெட்ல ஏத்தி வெச்சிருந்தா என் படங்களும் பொழைச்சிருக்கும், அதையும் ஒத்துக்கிறேன்.

ஆனா ஏத்தி வெச்சதைப் பாத்துக்கிட்டே இருக்க ஒரு ஆள் வேணும். நம்பர் மாறும், கணக்கு மறக்கும், மாசக் காசு கட்டாம விட்டுப்போகும். எங்க நைனா 39 படத்தைக் காப்பாத்த எதுவுமே செய்யல. டின்ல போட்டு மறந்துட்டாரு, அவ்வளவுதான். மறந்தும் இருந்துச்சு. ஏழை வீட்டுக்கு அப்படிப்பட்ட பொருள்தான் தோது. பட்டா, பத்திரம் வெக்கிற டின்ல இதையும் வெச்சுட்டுப் போயிடலாம்.

பத்திரம்னு சும்மா சொல்லல. 1996ல ஒப்புதல் ஆன கடற்கரை மேலாண்மை வரைபடத்துல எண்ணூர் கழிமுகம் இருந்துச்சு. அப்புறம் வந்த இன்னொரு வரைபடத்துல அந்தக் கழிமுகமே காணோம்னு 2017ல பெரிய விவாதமாச்சு. பேப்பர் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொசஸ்தலை ஆறு கடல்ல சேருற இடமே காகிதத்துல காணாமப் போக முடியும்னா, எங்க தாத்தாவோட பனை வரிசை எம்மாத்திரம்? எங்க தரப்புல அது இருந்துச்சுன்னு சொல்ல வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கு. சொன்ன பெரியவங்களும் ஒவ்வொருத்தரா போயிட்டிருக்காங்க. தூரத்துலருந்து வந்து எங்களைப் படம் எடுத்தவங்க நிறைய. நல்லவங்கதான். அவங்க எடுத்தது எண்ணெயும் சாம்பலும் செத்த மீனும். அதுவும் வேணும். ஆனா இன்னும் சாகாத ஏரிக்கரையையும், நெல்லு நிக்கிற கழனியையும், கையில எறா தடவுற அம்மாவையும் எடுக்கிறது எங்க வேலை. புகைப்படக்காரர் எம். பழனிகுமார் வடசென்னைப் பிள்ளைங்களுக்குக் கேமரா சொல்லிக் குடுக்கிறாரு. தங்க தெருவைத் தாங்களே எடுக்க அந்தப் பிள்ளைங்க கத்துக்குதுங்க. அதான் சரியான வழின்னு எனக்குத் தோணுது.

நகரத்துல இருக்கிற உங்ககிட்ட மூணு விஷயம் கேட்டுக்கிறேன்.

ஒண்ணு, பரண்ல ஏறிப் பாருங்க. உங்க அப்பாவோட, தாத்தாவோட நெகட்டிவ் இருந்தா பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீங்க. எத்தனையோ ஸ்டூடியோ நெகட்டிவுங்க வெள்ளிக்காக உருகிப் போயாச்சு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தோட அழியும் ஆவணங்கள் திட்ட உதவியில, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடிச் சேத்து டிஜிட்டலாக்கி வெச்சிருக்கு. படிச்சவங்களே இவ்வளவு மதிக்கிற பொருளை நாம எடைக்குப் போடலாமா?

ரெண்டு, உங்க வீட்டு ஷோகேஸ்ல ஒரு யாஷிகா சும்மா உக்காந்திருந்தா, ஒண்ணு அதுல நீங்க பிலிம் போடுங்க, இல்ல போடறவங்களுக்குக் குடுங்க. அழகுக்குன்னு வாங்கி வாங்கி நீங்க விலையை ஏத்திவிட்டா, உழைக்கிறவன் கைக்கு அது வராது. உழவு மாட்டை வாசல்ல கட்டி வேடிக்கை பாக்கிறதுக்கு எங்க ஊர்ல நல்ல பேர் இல்ல.

மூணு, இன்னும் கேமரா தொறக்கத் தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட பேரம் பேசாதீங்க. அவருக்கு அடுத்த ஆள் இல்ல.

முதல் ரோல்

பெருமையா எழுதிட்டேன், மானம் போனதையும் எழுதிடறேன். இந்த 635ல பிலிமைச் சுத்தறது வேற, ஷட்டரைத் தயார் பண்றது வேற. சுத்த மறந்துட்டு மறுபடி அமுக்கினா, கேமரா ஒண்ணும் சொல்லாது. முதல் ரோல்ல அஞ்சாவது படத்துல சித்தப்பாவோட எருமை மேல துறைமுகக் கிரேன் நிக்குது. எருமை கிரேனைத் தூக்கிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. மேல கண்ணாடியில இடம் வலமாத் தெரியறதால, டிராக்டரை எடுக்கப்போய் ரெண்டு படத்துல வெறும் புழுதிதான். ஒரு படம் கையாட்டத்துல போச்சு. பன்னெண்டுல எட்டு தேறுச்சு.

எட்டுல ஒண்ணு, தாத்தா நின்ன திசையைப் பாத்து, கால்வாய்க்கு இந்தக் கரையிலருந்து என் பொண்ணை நிக்க வெச்சு எடுத்தது. பின்னால கிரேன் இருக்கு. கால்வாயும் இருக்கு. கரையில ரெண்டு பனை இன்னும் இருக்கு. அதை எண்ணிப் பாத்ததே படம் எடுக்கப்போய்த்தான். இன்னொண்ணு, திருவொற்றியூர்ல பழைய ஸ்டூடியோ வாசல்ல அந்த மகனும் அவங்க அம்மாவும். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன். அந்தம்மா படத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி கேமராவை வாங்கித் தடவிப் பாத்துட்டுத்தான் திருப்பிக் குடுத்தாங்க.

நெகட்டிவ் உறை மேல தேதி, இடம், பக்கத்துல இருக்கிற சர்வே நம்பர், யாரு நிக்கிறாங்க, எல்லாம் பென்சில்ல எழுதி வெக்கிறேன். மை தண்ணியில கரையும், பென்சில் கரையாது. டின்னையும் மாத்திட்டேன். ரப்பர் வளையம் வெச்ச எவர்சில்வர் சம்புடம், பீரோ அடியில இல்ல, பரண் மேல.

ரெண்டாவது ரோல் இப்ப கேமராவுல. அஞ்சு படம் ஆச்சு. மிச்சம் ஏழு. சித்தப்பா நேத்து வந்து, அறுப்பு அன்னைக்கு தன்னை ஒண்ணு எடுக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரு. அதனால ஆறுதான்.